எட்டாத வயரை எப்படி எட்டவைப்பது?

(எமது வானொலியின் மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைய உரை ஒரு சின்ன விசயம் பற்றியது. கணினிப் பெட்டிக்குள் ஓடுகிற வயர் ஒன்று, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு மூன்று அங்குலமோ நான்கு அங்குலமோ குறைவாக நிற்கிறது. அந்த நேரம் என்ன செய்வது?

இங்கே கனடாவில் எங்கள் வீடுகளில் இது அடிக்கடி வருகிற சிக்கல். பிள்ளைகள் பெட்டியை ஓரிடத்தில், மின்வழங்கியை இன்னோரிடத்தில், தாய்ப்பலகையை வேறோரிடத்தில் என்று வாங்கித் தாங்களே கணினி பூட்டுகிறார்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியை மலிவாக எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. எல்லாம் பூட்டி முடிகிற நேரம் ஒரு குரல் வரும்: "அப்பா, இந்த வயர் எட்டேல்லை." அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டே பதில் சொல்லுவார்: "உள்ளுக்குள்ள ஓடுறது 12 வோல்ற்தானே தம்பி. வெட்டி, இன்னொரு வயரை முறுக்கி, ரேப்பைச் சுத்திவிடு. அது என்ன செய்யப் போகுது?"

அந்தப் பதிலில் பாதி சரி. 12 வோல்ற் ஆளை அடிக்காது. மற்றப் பாதி பிழை. அது ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அப்பாமாரின் இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் இருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட தலைமுறை அது. வயர் காணாவிட்டால் கிடைத்த துண்டை முறுக்கி ஒட்டினார்கள். செய்திக்கு நேரமாகிவிட்டால் ரேப் சுற்றக்கூடப் பொறுமை இருக்காது. அந்தக் கைப்பழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது எங்களை உலகச் செய்தியோடு தொடுத்து வைத்திருந்த பழக்கம். ஆனால் அந்தத் தைனமோவின் கணக்கை ஒருமுறை பாருங்கள்.

சைக்கிள் தைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற். அப்படியென்றால் அந்த வயரில் ஓடியது அரை அம்பியர். இன்றைய கிராபிக்ஸ் அட்டை ஒன்றுக்குப் போகும் 8 ஊசிச் செருகி 150 வாற் வரைக்கும் கொடுக்கலாம். 12 வோல்ற்றில் 150 வாற் என்றால் 12 அரை அம்பியர். அது மூன்று வயர்களில் பிரிந்து போகிறது; ஒரு வயருக்கு நான்கு அம்பியருக்குச் சற்று மேல். தைனமோ வயரில் ஓடியதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு.

ஆனால் மூட்டில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மின்னோட்டம் எட்டு மடங்கு கூடினால் வெப்பம் அறுபது, எழுபது மடங்கு கூடும். சரியாக முறுக்காத மூட்டு ஒன்றின் தடை பத்தில் ஒரு ஓம் என்று வைப்போம். தைனமோ வயரில் அங்கே பிறந்திருக்கும் வெப்பம் ஒரு வாற்றின் நாற்பதில் ஒரு பங்கு. கையால் தொட்டாலும் தெரியாது. கணினியில் அதே மூட்டில் பிறப்பது ஒன்றே முக்கால் வாற் அளவு. பயறு அளவான ஓர் இடத்தில், ரேப்பால் மூடி, மணிக்கணக்காக. ரேப்பின் பசை இளகும், ரேப் நழுவும். சூடும் குளிரும் மாறிமாறி வர முறுக்கு இன்னும் தளரும், தளரத் தளரத் தடை கூடும், தடை கூட வெப்பமும் கூடும். இதனால்தான் பூட்டிய அன்று நன்றாக வேலைசெய்த மூட்டு மாதக்கணக்கில் போனபின் கருகுகிறது. பிள்ளை பேஸ்மென்றில் விளையாடிக்கொண்டிருக்கும்போதும் நடக்கலாம், கணினியை ஓடவிட்டுவிட்டு வீட்டார் நித்திரையாய் இருக்கும்போதும் நடக்கலாம்.

சரி, அப்படியென்றால் வயரை நீட்டவே கூடாதா? நீட்டலாம். எதை, எப்படி என்பதுதான் விசயம்.

முதலில், வயர் உண்மையிலேயே கட்டையா என்று பாருங்கள். மிக அதிகமாக எட்டாமல் போவது தாய்ப்பலகையின் மேல் மூலையில், செயலிக்கு மின்சாரம் கொடுக்கும் 4 அல்லது 8 ஊசிச் செருகி. இதற்குக் காரணம் இருக்கிறது. முன்னைய பெட்டிகளில் மின்வழங்கி மேலே, செயலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டை வயர் போதும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் மின்வழங்கி அடியில் இருக்கிறது. வயர் அடியில் தொடங்கி, தாய்ப்பலகைக்குப் பின்புறமாக ஏறி, மேல் மூலையில் உள்ள துளைவழியாக முன்னுக்கு வரவேண்டும். பழைய மின்வழங்கியைப் புதிய பெட்டியில் போட்டால் எட்டாமல் போவது இதனால்தான்.

சிலவேளை வயர் சுற்றுப்பாதையில் போவதும் காரணமாக இருக்கும். கட்டியிருக்கும் பிளாஸ்ரிக் பட்டிகளை வெட்டி விடுவித்துப் பாருங்கள். பின்புறமாக நேர்ப்பாதை இருக்கிறதா என்று தேடுங்கள். மேல் மூலைத் துளை சிறியதாக இருந்தால் தாய்ப்பலகையைப் பூட்டமுதலே வயரை அதற்குள்ளால் எடுத்து விடுங்கள். வன்தட்டுக்கு எட்டவில்லை என்றால் வயரை நீட்டாமல் வன்தட்டை ஒரு தட்டுக் கீழே இறக்கலாமா என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை. ஒன்று மட்டும் கவனம்: விறைப்பாக இழுத்து எட்டவைக்காதீர்கள். இழுபட்டு நிற்கும் செருகி நாளடைவில் சரிந்து, பாதி கழன்று நிற்கும். பாதி கழன்ற செருகியும் தளர்ந்த மூட்டுத்தான்.

அதன் பிறகும் எட்டவில்லை என்றால், அந்த வயர் எந்த வகை என்று பாருங்கள். பெட்டிக்குள் மூன்று வகை வயர் ஓடுகிறது. மூன்றுக்கும் மூன்று வேறு விதி.

முதல் வகை, முன்பலகையின் மெல்லிய வயர்கள். கணினியைப் போடும் பொத்தான், மீள் தொடக்கும் பொத்தான், மினுங்கும் சின்ன விளக்குகள். இவற்றில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. இவற்றைப் பயமில்லாமல் நீட்டலாம். ஒரு முனையில் ஊசியும் மறு முனையில் துளையும் உள்ள சின்ன இணைப்பு வயர்கள் மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பற்றாசு பிடிக்கத் தெரிந்தவர்கள் பற்றாசும் பிடிக்கலாம். பொத்தான் வயரை எந்தப் பக்கம் மாற்றிச் செருகினாலும் வேலை செய்யும். விளக்கு வயருக்கு நேர், மறை உண்டு; மாறிச் செருகினால் விளக்கு எரியாது, திருப்பிச் செருகினால் சரி.

விசிறி வயரையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். விசிறிக்கென்றே நீட்டிப்பு வயர் விற்கிறார்கள். ஆனால் ஒரே ஊசித்தொகுதியில் இருந்து பல விசிறிகளைப் பிரித்து ஓடவிடும்போது கவனம் வேண்டும். தாய்ப்பலகையின் விசிறி ஊசிகள் பொதுவாக ஒரு அம்பியர் வரைக்கும்தான் தாங்கும். விசிறியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் அம்பியர் அச்சிடப்பட்டிருக்கும், கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது வகை, தகவல் வயர்கள். வன்தட்டில் இருந்து தாய்ப்பலகைக்கு வரும் சாட்டா வயர், முன்பக்க யூஎஸ்பி வயர் போன்றவை. இவற்றை வெட்டவே வேண்டாம். இவற்றில் சூடு பிரச்சினை இல்லை, வேகம்தான் பிரச்சினை. மூன்றாம் தலைமுறைச் சாட்டா வயரில் ஒரு செக்கனுக்கு 600 கோடி துணுக்குகள் ஓடுகின்றன. உள்ளே சோடி சோடியாக, அளவெடுத்து அமைத்த கம்பிகள். நடுவில் வெட்டிப் பற்றாசு பிடித்தால் அந்த அமைப்புக் குலைந்து, தகவல் சிதையும். அது உடனே வேலைசெய்யாமல் போனால் நல்லது. பாதி நாள் வேலைசெய்து, பாதிக் கோப்புகளைக் கெடுத்துவிட்டால் வன்தட்டுப் பழுது என்று நினைத்து அலைவீர்கள். முழு நீளமான புது வயர் சில டொலர்தான். சாட்டா வயர் 1 மீற்றர் வரை போகலாம் என்பது அதன் விதி. பெரிய பெட்டிக்கும் அது போதும். பழைய அகலமான நாடா வயருக்கு 18 அங்குலம், அதாவது 46 சென்ரிமீற்றர்தான் எல்லை. முன்பக்க யூஎஸ்பிக்கு இரண்டு முனையிலும் செருகியோடு வரும் நீட்டிப்பை வாங்குங்கள். செருகும்போது எந்த ஊசி இல்லை, எந்தத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருத்திப் பாருங்கள். ஒலி ஊசித்தொகுதியும் யூஎஸ்பி ஊசித்தொகுதியும் தூரத்தில் இருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

மூன்றாவது வகை, மின்வழங்கியில் இருந்து வரும் தடித்த வயர்கள். தாய்ப்பலகைக்குப் போகும் 24 ஊசிச் செருகி, செயலிக்குப் போவது, கிராபிக்ஸ் அட்டைக்குப் போவது, வன்தட்டுகளுக்குப் போவது. நான் மேலே சொன்ன வெப்பக் கணக்கு இவற்றுக்குத்தான்.

இவற்றை வெட்டி ஒட்டவேண்டாம். தொழிற்சாலையில் செய்த நீட்டிப்பு வயர் கிடைக்கிறது. ஒரு முனை ஆண், மறு முனை பெண், 30 சென்ரிமீற்றர் அளவு. "நீட்டினால் மின்சாரம் குறைந்துபோகாதா?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். நல்ல வயர் என்பது 18 இலக்கச் செம்புக் கம்பி. அதன் தடை மீற்றருக்கு 21 மில்லி ஓம். செயலி 150 வாற் எடுக்கிறது என்றால், 8 ஊசிச் செருகியின் நான்கு 12 வோல்ற் வயர்களில் ஒவ்வொன்றிலும் மூன்று அம்பியர் அளவு ஓடும். 30 சென்ரிமீற்றர் நீட்டிப்பில், போகவும் திரும்பவும் சேர்த்து இழக்கப்படுவது ஒரு வோல்ற்றின் நூறில் நான்கு பங்கு. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஐந்து, அதாவது 12 வோல்ற்றில் பத்தில் ஆறு பங்கு. ஆகவே நல்ல வயராக இருந்தால் நீளம் ஒரு பொருட்டே இல்லை. கெடுப்பது மூட்டு.

அதனால் வாங்கும்போது மூன்று விசயம் பாருங்கள். ஒன்று, கம்பியின் இலக்கம். 18 அல்லது 16 என்று வயரிலேயே அச்சிட்டிருக்கும். இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிப்பு. 20, 22 என்றால் இந்த வேலைக்கு வேண்டாம். இரண்டு, முழுச் செம்பா என்பது. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயரில் தடை கூட. மூன்று, ஒரு நீட்டிப்போடு நிறுத்துங்கள். நீட்டிப்பின் மேல் நீட்டிப்புப் போட்டால் ஒவ்வொரு செருகியும் இன்னொரு மூட்டு.

வன்தட்டுக்கான சாட்டா மின்செருகியில் ஒரு தனி எச்சரிக்கை. பழைய 4 ஊசிச் செருகியில் இருந்து சாட்டாவுக்கு மாற்றித்தரும் சிறிய வயர்கள் இரண்டு விதமாக வரும். ஒன்றில் நான்கைந்து வயர்களும் ஒரே பிளாஸ்ரிக் கட்டிக்குள் வார்த்து மூடியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கமுடியாது. உள்ளே வயர்கள் நகர்ந்து ஒன்றோடொன்று தொட்டு, தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. மற்றதில் ஒவ்வொரு வயரும் தனித்தனியாகப் பின்புறத்தால் அழுத்திப் பொருத்தியிருப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதை வாங்குங்கள்.

இன்னொரு பொறி, வயர் இரண்டு முனையிலும் கழரும் மின்வழங்கிகள். வயர் எட்டாதபோது பிள்ளைகளுக்கு உடனே வரும் யோசனை, "பழைய மின்வழங்கியின் வயர் நீளமாய் இருக்குது, அதைப் போடுவம்" என்பது. செருகிப் பார்த்தால் பொருந்தியும் விடும். ஆனால் கருவி பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. மின்வழங்கி பக்கத்து முனைக்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்ணப்படி ஊசிகளை அடுக்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்கு இடையிலும் வித்தியாசம் இருக்கலாம். 5 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ற் வந்தால், கணினியைப் போட்ட அந்தக் கணமே வன்தட்டு எரிந்துவிடும்.

நேயர்களே, வன்தட்டு எரிந்தால் புதிது வாங்கலாம். அதில் இருந்தவற்றை வாங்கமுடியாது. எங்கள் குடும்பங்கள் பலவற்றில் ஊர்ப்படங்கள் இருக்கும் ஒரே இடம் அந்த வன்தட்டுத்தான். இடம்பெயரும்போது அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வீடுகள் குறைவு. கொழும்பில் ஒருவர், ஐரோப்பாவில் ஒருவர் என்று உறவினரிடம் இருந்து ஒன்றிரண்டாகச் சேர்த்து, ஸ்கான் செய்து போட்டுவைத்த படங்கள். அம்மம்மாவின் கல்யாணப் படம், இப்போது இல்லாத வீட்டின் முற்றம். ஆகவே பெட்டியைத் திறக்கமுதல் அவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். வேலையை அதன் பிறகு தொடங்குங்கள்.

8 ஊசிச் செருகிகளிலும் ஒரு மயக்கம் உண்டு. செயலிக்குப் போவதும் கிராபிக்ஸ் அட்டைக்குப் போவதும் பார்வைக்கு ஒன்றுபோல. ஆனால் 12 வோல்ற்றும் நிலமும் இரண்டிலும் நேரெதிர்ப் பக்கத்தில். மென்மையாகத் தள்ளப் போகவில்லை என்றால், அது போகவேண்டிய இடம் அதுவல்ல. பலத்தைப் பாவிக்காதீர்கள்.

புதிய பெரிய கிராபிக்ஸ் அட்டைகளில் வரும் 16 ஊசிச் செருகி வேறு கதை. அது 600 வாற் வரை கொடுக்கலாம். 12 வோல்ற்றில் 50 அம்பியர், ஆறு ஊசிகளில். ஊசி ஒன்றுக்கு எட்டு அம்பியருக்கு மேல். 2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் என்விடியாவின் ஆர்ரிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் இந்தச் செருகி உருகியது உலகெங்கும் செய்தியானது. செருகி முழுதாக உள்ளே போகாதது ஒரு காரணம் என்று அந்த நிறுவனம் அப்போது கூறியது. 2023இல் ஊசிகளின் நீளத்தை மாற்றித் திருத்திய வடிவம் வந்தது. இந்தச் செருகிக்கு நீட்டிப்புப் போடவேண்டாம் என்பதே என் ஆலோசனை. மின்வழங்கி செய்த நிறுவனத்திடமே நீளமான வயர் கேளுங்கள், அல்லது பெட்டியை மாற்றுங்கள்.

பற்றாசு பிடிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பலகை வயரிலும் விசிறி வயரிலும் பழகுங்கள். சூடாக்கினால் சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோர்த்துவிடுங்கள். பற்றாசு பிடித்த பிறகு கோர்க்க வழி இருக்காது. மூட்டுகளை ஒரே வரிசையில் வைக்காமல் ஒன்றுக்கொன்று ஒரு அங்குலம் தள்ளி வையுங்கள். அப்போது குழாய் நகர்ந்தாலும் இரண்டு மூட்டு ஒன்றோடொன்று முட்டாது. பற்றாசு பிடித்த இடம் விறைப்பாகிவிடும் என்பதால் வளைவு வரும் இடத்தில் மூட்டை வைக்காதீர்கள். முடிந்தபின் மல்ரிமீற்றரால் ஒவ்வொரு வயரும் சரியான ஊசிக்குத்தான் போகிறதா என்று பார்த்துவிட்டே செருகுங்கள்.

எந்த வேலைக்கும் பொதுவான ஒழுங்கு இது. சுவரில் இருந்து வயரைக் கழற்றுங்கள். கழற்றியபின் கணினிப் பொத்தானை ஒருமுறை அமத்துங்கள், உள்ளே மிஞ்சியது வெளியேறும். எங்கள் குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடி வீடு காய்ந்துபோயிருக்கும். கம்பளத்தில் நடந்துவந்து கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் அல்லவா, அந்த நிலைமின் கணினிப் பாகங்களைக் கெடுக்கும். கம்பளம் இல்லாத இடத்தில், மேசையில் வைத்து, பெட்டியின் வெற்று உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். சுவரில் இருந்து கழற்றியபின்னும் அதற்குள் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது ஆளைக் கொல்லும்.

பூட்டி முடித்தபின், கணினியைக் கடுமையான வேலையில் அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்தி, சுவரில் இருந்து கழற்றி, செருகிகளை விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். விரல் வைக்கமுடியாத சூடு, பிளாஸ்ரிக் மணம், செருகியில் மண்ணிறம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வயரை எறியுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை பாருங்கள்.

கடைசியாக அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் இருங்கள். தைனமோவில் வானொலி கேட்ட கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரியவேண்டும். சொல்லிக்கொண்டே அவர்களோடு இருந்து வயரின் இலக்கத்தை வாசியுங்கள். கண்ணாடி போடவேண்டி வரும், எழுத்து மிகச் சிறியது.

இந்த உரை தொடர்பான கேள்விகள் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். வயரின் இரு முனையிலும் எத்தனை ஊசி இருக்கிறது, எத்தனை அங்குலம் குறைகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல இலகுவாக இருக்கும்.